எறும்புக்கு மருந்து அடித்தேன்

என் வீட்டுக் கழிப்பறைக்கு எறும்பு வரத் தொடங்கியபோது, அது எறும்புப் பிரச்சினை என்றுதான் நான் நம்பினேன்.

கோப்பாயில் விவசாய மருந்துக்கடை வைத்திருக்கிறேன். எறும்பு, கறையான், மிளகாய் இலைச் சுருள் எல்லாவற்றுக்கும் என்னிடம் போத்தலில் பதில் இருக்கிறது. வெங்காயத் தாளின் நுனி மஞ்சளித்தால் போதும், தோட்டக்காரர் சைக்கிளை விட்டு இறங்குவதற்கு முன்பே இன்ன வருத்தம் என்று சொல்லிவிடுவேன். என்னை "டொக்டர்" என்று பகிடிக்குக் கூப்பிடுவார்கள். நானும் பகிடியாக எடுத்துக்கொள்வதுபோல் காட்டிக்கொண்டு உள்ளுக்குள் பெருமைப்படுவேன். அந்த டொக்டர் எறும்பு வரிசையைக் கண்டதும் என்ன செய்வார்? கடையிலிருந்து பொடி கொண்டுவந்து சுவரோரமாகப் போட்டார். எறும்பு வேறு பக்கத்தால் வந்தது. அதைவிடக் கடுமையான மருந்தை எடுத்து அடித்தார். மீண்டும் வந்தது. "இந்த வருசம் எறும்புக்கு எதிர்ப்புச் சக்தி கூடிப்போச்சு" என்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் விரிவுரை நடத்தினார்.

அதே நாட்களில் என் மகள் சாருஜா தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தாள். குடிப்பாள், எழும்பிக் கழிப்பறைக்கு ஓடுவாள், வந்து மறுபடி குடிப்பாள். அவள் அப்போது ஐந்தாம் வகுப்பு. யாழ்ப்பாணத்தில் ஐந்தாம் வகுப்பு என்பது வகுப்பு இல்லை. குடும்பம் முழுவதும் சேர்ந்து எழுதும் புலமைப்பரிசில் பரீட்சை அது. பிள்ளை பேனை பிடிக்கும், தகப்பன் தலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பான். மாதிரி வினாத்தாளின் நடுவில் எழும்பி எழும்பி ஓடும் பிள்ளையைப் பார்த்து நான் எடுத்த முடிவு, இவள் படிப்புக்குக் கள்ளம் அடிக்கிறாள் என்பது. ஆகவே, "ஒரு பேப்பர் முடியுமட்டும் தண்ணியும் இல்லை, கக்கூசும் இல்லை" என்று சொன்னேன். போதாததற்கு, "இனியும் கள்ளம் அடிச்சால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பெரிய ஊசி போடுவிப்பன்" என்றும் சொன்னேன்.

இந்த வசனத்தை நான் கண்டுபிடிக்கவில்லை. சோறு தின்னாத பிள்ளைக்கும், நித்திரை கொள்ளாத பிள்ளைக்கும், வந்த விருந்தாளிக்குப் பாட்டுப் பாடிக் காட்டாத பிள்ளைக்கும் எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் சொல்லும் வசனம் அது. அதை நினைக்கையில் வரும் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். கோபத்தில் என் பங்கு போக மிச்சத்தை மற்றவர்களுக்கும் பகிர்ந்து தரலாம் என்று எண்ணம்.

அவளுடைய சட்டைகள் தொளதொளத்தன. "வளருறாள்" என்றேன். வாயில் பழுத்து விழுந்த கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தின் வாசனை வந்தது. காலம் இல்லாத காலத்தில் எங்கே களவாக மாம்பழம் தின்கிறாய் என்று விசாரணை வைத்தேன். அவள் தின்னவில்லை என்று அழுதாள். அழவும் தெம்பில்லாமல் பாதியில் நிறுத்தினாள். அதையும் நடிப்பு என்றேன்.

ஒரு காலை அவள் சத்தியெடுத்துவிட்டுப் பாயில் படுத்துக் கிடந்தாள். ஓடிவந்து நின்றவள்போல் ஆழமாக மூச்சு வாங்கினாள். என் மனைவி வதனி என்னைக் கத்திக் கூப்பிட்டாள். அவள் பிள்ளையைத் தூக்கினாள். நான் ஆஸ்பத்திரிக்குப் பை அடுக்கினேன். என் திறமை என்னவென்று ஆஸ்பத்திரியில் பையைத் திறந்தபோது தெரிந்தது. உள்ளே பழைய புலமைப்பரிசில் வினாத்தாள் தொகுப்பு இரண்டு, குடை ஒன்று, தொலைக்காட்சியின் றிமோட். மாற்றுச் சட்டை ஒன்றும் இல்லை.

வதனி றிமோட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "இதாலை ஆரை நிப்பாட்டப் போறியள்?" என்று மட்டும் கேட்டாள்.

மகளின் விரல் நுனியில் சின்னதாகக் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்தார்கள். இரத்தத்தில் எவ்வளவு சீனி என்று காட்டும் கருவியில் அதை வைத்தார்கள். இலக்கம் எதையும் காட்டவில்லை. தன்னால் அளக்க முடியாத அளவுக்கு அதிகம் என்று மட்டும் காட்டியது. இளம் பெண் டொக்டர் ஒருவர் குனிந்து பிள்ளையின் மூச்சை மணந்து பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"ஐயா, வீட்டிலை கக்கூசுக்கு எறும்பு வாறதோ?"

"வாறது டொக்டர். மருந்து அடிச்சிருக்கிறன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்றுவரை ஒருவருக்கும் விளங்கப்படுத்தவில்லை. வயலில் ஒரு நோய்க்கு இன்னொரு நோயின் மருந்தை அடித்துவிட்டு வருபவர்களை நான் பார்ப்பது அப்படித்தான் என்பது எனக்குத் தெரியும்.

நீரிழிவு என்றார். நான் அவரைத் திருத்த முயன்றேன். "பத்து வயசுப் பிள்ளைக்குச் சீனி வருத்தமோ? அது என்ரை ஐயாவுக்கெல்லோ இருந்தது." அவர் பொறுமையாகச் சொன்னதை எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன். நாம் சாப்பிடுவது சீனியாக மாறி இரத்தத்தில் வருகிறது. அது உடம்பின் நுண்ணிய கலங்களுக்குள் நுழைய, பூட்டுக்குச் சாவிபோல, ஒரு திறப்பு வேண்டும். அந்தத் திறப்புத்தான் இன்சுலின். வயதானவர்களுக்கு வருவதில் திறப்பு இருக்கும், பூட்டு இறுகியிருக்கும். சிறுபிள்ளைகளுக்கு வரும் இந்த வகையில் திறப்புச் செய்யும் இடமே அழிந்துவிடுகிறது. நோய்க்கிருமியைத் தாக்கவேண்டிய உடம்பின் காவற்படை ஆள்மாறித் தன் கணையத்தையே தாக்கிவிடுகிறது. கலங்கள் பட்டினியில் கிடக்கும். உடம்பு தன் கொழுப்பை எரித்துப் பிழைக்கப் பார்க்கும். அப்படி எரிகையில் வரும் கழிவு இரத்தத்தை அமிலமாக்கும். மாம்பழ வாசம் அந்தக் கழிவின் வாசம். அமிலத்தை வெளியே ஊதித் தள்ளத்தான் அந்த ஆழமான மூச்சு. மிஞ்சிய சீனியை வெளியேற்ற உடம்பு தண்ணீரை எல்லாம் இறைக்கிறது. அதனால்தான் அந்தத் தாகம். அவள் குடித்த தண்ணீர்தான் அவளை அதுவரை எழுந்து நிற்கவைத்திருந்தது.

அந்தத் தண்ணீரைத்தான் நான் பேப்பர் முடியும்வரை நிறுத்தி வைத்திருந்தேன்.

ஒரு கையில் சேலைன், மறு கையில் சிறிது சிறிதாக இன்சுலின். மணித்தியாலத்துக்கு ஒரு தரம் விரலில் குத்து. ஆபத்துத் தாண்டும்வரை தனி அறையில் வைத்திருந்தார்கள். பிறகு குழந்தைகள் வாட்டுக்கு மாற்றினார்கள். அந்த வாட்டில் இரவும் பகலும் தாய் மட்டும் நிற்கலாம். தகப்பன் பார்வையாளர் மணிக்கு உள்ளே வந்து, பார்த்துவிட்டு, மறு மணியடித்தால் வெளியே போகவேண்டும். நோய் வந்தது என் பிள்ளைக்கு. ஆனால் கோயிலில் சாமி பார்ப்பதுபோல் சனத்தோடு சனமாய் நின்று நான் அவளைப் பார்க்கவேண்டும். இரவில் பாலூட்டும் தாய்மாரும் நிற்கும் இடம், அதனால் அந்த விதி என்று சொன்னார்கள். சரிதான். ஆனால் இரவு முழுக்கத் தாயைத் தரையில் படுக்கவைத்துவிட்டு, காலையில் "தகப்பன்மாருக்குப் பொறுப்பில்லை" என்று சொல்வதும் அதே ஆட்கள்தான்.

பார்வையாளர் வேறு விதம். ஆளுக்கொரு பிஸ்கற் பெட்டியும் ஆளுக்கொரு தீர்ப்பும் கொண்டுவந்தார்கள். சொக்கிலேற் தின்னக் குடுத்தனிங்கள் என்றார் ஒருவர். பாவற்காய்ச் சாறு குடுத்தால் ஊசி தேவையில்லை என்றார் இன்னொருவர். அவர் வீட்டு மிளகாய்க்கு நான் சொன்ன மருந்தை ஒருநாளும் நம்பாதவர் அவர். பண்டத்தரிப்பில் இருந்து என் அக்கா தினமும் பஸ் மாறி மாறி மதியச் சாப்பாடு கொண்டுவந்தாள். ஊத்தை உடுப்பை எடுத்துப்போய்த் தோய்த்து மடித்துக் கொண்டுவருவாள். அவள் இல்லாவிட்டால் நாங்கள் கன்ரீன் பணிஸ் தின்றே செத்திருப்போம். அதே அக்காதான் பிள்ளையின் தலையணைக்குக் கீழே பனங்கட்டி வைத்தவள்.

"பனங்கட்டி சீனி இல்லையடா. பனையிலை இருந்தெல்லோ வாறது" என்றாள்.

அன்றைக்குப் பின்னேரம் பிள்ளையின் விரலில் குத்திப் பார்த்த தாதி, எங்கள் ஊர்வழக்கில் மிஸ்ஸி, கருவியை இரண்டாம் தரமும் பார்த்தார். பிறகு தலையணையைத் தூக்கினார். பனை சீனிதான் என்பது கருவிக்குத் தெரிந்திருந்தது.

இவை எல்லாம் சகிக்கலாம். என்னால் சகிக்கமுடியாமல் போனது அடுத்த நாள் மதியம். ஆபத்துத் தாண்டிய பிறகு இன்சுலின் ஊசியாகத்தான் போகவேண்டும். ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்னாலும், படுக்கப் போகும்போதும். வீட்டில் ஒருவர் அதைப் போடப் பழகி, பிள்ளையும் அதற்கு உடன்பட்டால்தான் வீட்டுக்கு விடுவார்கள். வதனி பழகிவிட்டாள். பிள்ளைதான் விடவில்லை. இரண்டு பேர் காலைப் பிடிக்க ஒருவர் போடவேண்டியிருந்தது. அன்று மிஸ்ஸி ஊசியோடு வந்ததும் சாருஜா கால்களை மடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, நான் இனிக் கள்ளம் அடிக்க மாட்டன். எல்லாப் பேப்பரும் செய்யிறன். ஊசி வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

வதனி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சாப்பாட்டுக் கரியரோடு நின்ற அக்கா குனிந்து அவள் தலையைத் தடவினாள். "அழாதை குஞ்சு. அழுதால் மிஸ்ஸி இதைவிடப் பெரிய ஊசி கொண்டுவருவா."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. வாட்டில் அழுதுகொண்டிருந்த பிள்ளைகள்கூட அழுகையை நிறுத்திப் பார்த்தன. மிஸ்ஸி வாசலைக் காட்டினார். கரியர் மூடி ஒன்று உருண்டுபோய்க் கட்டிலுக்குக் கீழே நின்றது. அக்கா அதைக் குனிந்து எடுத்ததை மட்டும் கண்டேன்.

வெளியே, சைக்கிள்கள் விடும் பக்கச் சுவரோரம் தகப்பன்மாரின் இடம். விரட்டப்பட்டவர்களும் மணிக்குக் காத்திருப்பவர்களும் அங்கேதான். சுவரில் சாய்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் இடம் விட்டார். யூட் என்று பெயர். குருநகரில் படகு இயந்திரம் திருத்துபவர்.

"கத்தினது நீங்களோ அண்ணை? இஞ்சை கன்ரீன் மட்டும் கேட்டது."

"என்ரை அக்காவுக்குக் கத்தினனான்."

"அக்காவுக்கோ?" என்று சிரித்தார். "நான் அந்தோனியாருக்கே கத்தினனான். கோயில் பூட்டியிருந்த நேரம் வெளியிலை நிண்டு."

அவருடைய மகனுக்கும் இதே வருத்தம். பல வருடங்களாக. இப்போது காய்ச்சலில் சீனி தாறுமாறாகிக் கொண்டுவந்திருந்தார்கள். முதல் ஊசி போட்ட கதையை அவர் எனக்குச் சொன்னார். மகனின் தொடையைக் குறிவைத்துத் தன் பெருவிரலில் குத்திக்கொண்டு மயங்கி விழுந்திருக்கிறார். "பிள்ளையை விட்டிட்டு எல்லாரும் என்னைத் தூக்கினவை. குழந்தையள் வாட்டிலை எனக்குக் கட்டில் தரேலாது எண்டு வெளியிலை வாங்கிலை கிடத்தினவை. அந்த வாங்கு உதுதான். இருங்கோ."

சுவரோரம் கிடந்த அந்த நீளப் பலகை இருக்கையில் இருந்தேன். இத்தனை நாளில் முதல் தடவையாக ஒருவர் என்னிடம், நான் பிள்ளைக்கு என்ன தின்னக் கொடுத்தேன் என்று கேட்காமல் தான் எப்படி விழுந்தார் என்று சொன்னார். அதிலேயே எனக்கு மூச்சு வந்தது. மகளின் பேச்சை அவரிடம் சொன்னேன். பேப்பர் செய்கிறேன், ஊசி வேண்டாம் என்றதை.

அவர் சிரிக்கவில்லை. வாட்டுக்குள் மகனோடு நின்ற தன் மனைவி றெஜினாவைத் தொலைபேசியில் வெளியே கூப்பிட்டார். அவர் தலைமயிரை முடிந்துகொண்டே வந்தார்.

"நோகாது எண்டு பிள்ளைக்குச் சொன்னனிங்களோ?" என்று கேட்டார்.

"ஓம். எல்லாரும் அப்பிடித்தானே சொல்லுறது."

"பிறகு நொந்ததோ இல்லையோ? அப்ப நீங்கள் சொல்லுற மற்றதை அவள் என்னெண்டு நம்புவாள்? அவளுக்கு என்ன பயமெண்டு கேட்டனிங்களோ?"

"ஊசிப் பயம்தான்."

"கேட்டனிங்களோ எண்டு கேட்டன்."

கேட்கவில்லை. வெங்காயத்தின் தாளைக்கூட நான் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பேன்.

மாலை மணியடித்தது. நான் போய் முதலில் மிஸ்ஸியிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு கட்டிலில் மகளுக்குப் பக்கத்தில் இருந்தேன். சொல்வதற்குப் பகிடிகள் ஆயத்தம் செய்துகொண்டு வந்திருந்தேன். அவற்றை விட்டுவிட்டுக் கேட்டேன்.

"குஞ்சு, என்ன பயம் உனக்கு?"

கட்டில் கம்பியைச் சுரண்டினாள். பிறகு கேட்டாள்: "எப்ப முடியும்?"

"என்னது?"

"பனிஷ்மென்ற்."

மருந்துக்கடைக்காரனுக்கு நஞ்சு எந்தெந்த வழியால் உடம்புக்குள் போகும் என்று தெரியும். காதால் போவது பற்றிப் போத்தலில் ஒன்றும் எழுதியிருக்காது.

"இது பனிஷ்மென்ற் இல்லை. நீ ஒரு குழப்படியும் செய்யேல்லை. தண்ணி குடிச்சதும் கக்கூசுக்கு ஓடினதும் வருத்தத்தாலை. அப்பாவுக்குத் தெரியேல்லை. ஊசி எண்டு வெருட்டினது பொய்."

"உங்களை எல்லாரும் டொக்டர் எண்டு சொல்லுறவை."

"அது வெங்காயத்துக்கு."

அவள் யோசித்தாள். "அப்ப எப்ப முடியும்?"

வதனி என் தோளைத் தொட்டாள். பொய் சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை. "முடியாது குஞ்சு. ஒவ்வொரு நாளும் போடவேணும். இப்போதைக்கு வேறை வழி கண்டுபிடிக்கேல்லை" என்றேன். அவள் அழுதாள். "அழாதை" என்று சொல்ல வாய் வந்தது. றெஜினாவை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். அவளோடு சேர்ந்து நானும் அழுதேன். அக்காவும் வந்து கால்மாட்டில் நின்றிருந்தாள். இந்தமுறை அவள் பிள்ளையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நோகுமோ?" என்று மகள் கேட்டாள். அத்தனை தரம் போட்டபிறகும் என்னிடம் கேட்டாள்.

"நோகும். எவ்வளவு எண்டு எனக்குத் தெரியாது."

"அப்ப போட்டுப் பாருங்கோ."

மிஸ்ஸி இப்படி ஒரு வழக்கமே இல்லை என்று முணுமுணுத்துக்கொண்டு புது ஊசி ஒன்றில் சிறிதளவு சேலைன் எடுத்துவந்தார். நான் சட்டையைத் தூக்கி வயிற்றைப் பிடித்தேன். அந்த விசயத்தில் எனக்குத் தட்டுப்பாடு இல்லை. கண்ணை இறுக மூடினேன்.

"அப்பா, கண்ணைத் திறந்து குத்துங்கோ. குறி தப்பும்."

ஊசி தொடுவதற்கு முன்பே நான் "ஐயோ" என்றுவிட்டேன். பக்கத்துக் கட்டில் தாய்மார் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்தபின் முதல் சிரிப்பு. ஊசி உண்மையில் நுளம்புக்கடி அளவுதான் நொந்தது. அப்படியே சொன்னேன்.

மிஸ்ஸி அவளுடைய இன்சுலினைக் கொண்டுவந்தார். வதனி கை நீட்டினாள். சாருஜா தலையாட்டினாள். "அம்மா வேண்டாம். அப்பா போடட்டும். அவருக்குத்தான் கூடப் பயம், கவனமாப் போடுவார்."

அன்று ஒருவரும் அவள் காலைப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தோம். அங்கேயும் தீர்ப்புகள் தயாராக இருந்தன. "பொம்பிளைப் பிள்ளை, வெளியிலை சொல்லாதேங்கோ, நாளைக்கு ஒரு கலியாணம் பேசவேணும்" என்று உறவுக்காரர் ஒருவர் குரலைத் தாழ்த்தினார். பத்து வயதுப் பிள்ளையின் கணையம் போனதற்குக் கவலைப்படாத மனிதர், யாரோ ஒரு வீட்டில் இப்போதுதான் சைக்கிள் ஓடப் பழகும் வருங்கால மாப்பிள்ளைக்காகக் கவலைப்பட்டார். அவருக்குச் சீனி போட்டுத் தேத்தண்ணி கொடுக்கும்படி வதனியிடம் சொல்லிவிட்டு, கடைக்கு வருபவர்கள் எல்லோரிடமும் நானே சொல்லத் தொடங்கினேன். மருந்து வாங்க வந்த இருவர் குரலைத் தாழ்த்தித் தங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இருப்பதாகச் சொன்னார்கள். எத்தனை வீட்டில் ஊசியைக் குசினித் தட்டில் மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருக்கிறார்களோ.

பள்ளிக்கூடத்தில், மற்றப் பிள்ளைகள் பயப்படுவார்கள், ஆகவே மதிய ஊசியைக் கழிப்பறைக்குள் வைத்துப் போடலாம் என்றார்கள். மறுபடியும் கக்கூஸ். சாப்பாட்டுக்கு முன் போடும் மருந்தை அங்கே வைத்துப் போடச் சொன்னவர்கள் தங்கள் சாப்பாட்டை அங்கே கொண்டுபோய்ச் சாப்பிடுவார்களா? இதை நான் தனியாகப் போய்க் கேட்டிருந்தால் கத்தியிருப்பேன், வாசலைக் காட்டியிருப்பார்கள். ஆனால் அதற்குள் நான் தனியாள் இல்லை. கிளினிக் நாட்களில் ஒரே வாங்கில் இருந்து பழகிய பெற்றோர் நாங்கள் தொலைபேசியில் ஒரு குழு வைத்திருந்தோம். பிள்ளைக்குச் சீனி இறங்கி நடுங்குகிறது என்று ஒருவர் எழுதினால், குளுக்கோசு கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள் என்று எந்த நேரத்திலும் இன்னொருவர் எழுதுவார். ஒருவரிடம் குத்தும் ஊசி முடிந்தால் மற்றவர் கொண்டுவந்து தருவார். யூட்டும் றெஜினாவும், வட்டுக்கோட்டையில் இருந்து ஒரு தாயும் என்னோடு அதிபரிடம் வந்தார்கள். றெஜினா கதைத்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டு யூட்டுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவர் என் முழங்காலில் கைவைத்து அழுத்திக்கொண்டிருந்தார். வகுப்பாசிரியையின் மேசையிலேயே போடலாம் என்று முடிவானது. முதல் நாள் அவள் விரலில் குத்திச் சீனி பார்த்தபோது பிள்ளைகள் ஒருவரும் பயப்படவில்லை. எங்களுக்கும் குத்துங்கோ என்று விரலை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்களாம்.

புலமைப்பரிசில் பரீட்சையை அவள் எழுதினாள். மேசையில் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. நடுவில் எழும்பிக் கழிப்பறைக்குப் போய்வந்தாள். புள்ளி, தெரிவுக்கான வெட்டுப்புள்ளிக்குக் கீழேதான் கிடைத்தது. அந்த வினாத்தாள் தொகுப்புகளை அக்கா பழைய கடதாசிக்காரனிடம் கொடுத்துவிட்டாள்.

இப்போது ஊசியை அவளே போட்டுக்கொள்கிறாள். எனக்குப் பயமாக இருக்கும் நாட்களில் என்னைப் போடவிடுகிறாள்.

நடந்தது இதுதான். என் மகளின் உடம்பு இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிட்டது. அதற்கு யாரும் காரணமில்லை. உடம்பில் தங்கமுடியாத சீனி சிறுநீரோடு வெளியே போனது. எறும்புகள் அதைத் தேடித்தான் வந்தன.